பத்து வருட வாரண்டி

பள்ளிக்கூடம் விட்டு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது தம்பியின் அறையில் மூன்று திரைகளும் கறுத்துக் கிடந்தன. அவன் சக்கர நாற்காலியில் அவற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கரண்ட் போய்விட்டதோ என்று மேலே பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னடா, வேலை இல்லையா?"

"ஆஃப் ஆயிடுச்சுக்கா. பட்டனை அமுக்கு."

"எப்ப ஆச்சு?"

"அப்பா சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்துல."

அப்பா மதியம் சீக்கிரமே சாப்பிட்டுவிடுவார். இப்போது வெயில் சாய்ந்துவிட்டது. அத்தனை நேரமும் அவன் அந்த இருட்டுத் திரைகளின் முன்னால் அப்படியே இருந்திருக்கிறான். கைபேசி தொடையிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. கம்ப்யூட்டர் பெட்டி மேசைக்குக் கீழே, அவன் காலிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது. அந்த ஒரு முழத்தை அவனால் எட்ட முடியாது.

"அப்பாவைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டேன்."

அப்பா அடுத்த அறையில்தான் இருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். முடிச்சூர் சாலையில் கீரைக்காரி திரும்புவதைக்கூட எனக்கு முன்னால் சொல்லிவிடுவார். போய்க் கேட்டதற்கு, "அவன் கூப்பிடவே இல்லையேம்மா" என்றார். நான் குனிந்து பட்டனை அமுக்கினேன். பெட்டிக்குள் விசிறிகள் இரைந்தன, திரைகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. இருவரில் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டே காபி போடப் போனேன்.

தம்பிக்குச் சின்ன வயதிலேயே தசை இளைக்கும் நோய். படி ஏறும்போது முழங்காலில் கையை ஊன்றி ஊன்றி ஏறுவான். சோம்பேறித்தனம் என்று அம்மா திட்டுவாள். நோயின் பெயர் தெரிந்த பிறகு அவள் அவனைத் திட்டவேயில்லை. நடை நின்ற நாளிலிருந்து அவனைத் தூக்கியது அவள்தான். அவள் புற்றுநோயில் போனபின் நானும் அப்பாவும் தூக்கினோம். அப்பா ஓய்வு பெற்ற குமாஸ்தா. நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. கல்யாணப் பேச்சு எனக்கு இரண்டு மூன்று முறை வந்து, தம்பியைப் பார்த்ததும் நின்றது. பிறகு யாரும் எடுக்கவில்லை.

இருபத்தைந்து வயதில் அவனிடம் மிச்சமிருந்தவை வலது கையில் மூன்று விரல்களும் இடது கட்டைவிரலும்தான். அவற்றை வைத்தே குரோம்பேட்டையில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கல்யாண ஆல்பம் செய்து கொடுத்தான். மணப்பெண் முகத்து வியர்வையைத் துடைப்பான். கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் மாமனாருக்கு வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுத்துத் திறந்து வைப்பான். ஒரு சித்தப்பா இரண்டு படங்களில் ஒரே சிரிப்புச் சிரித்ததை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லிச் சிரிப்பான்.

வேலை முடிந்ததும் கார் ஓட்டுவான். மலைப்பாதையில், மழையில், ஒருபக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக ஓடும் ஒரு பந்தய விளையாட்டு. மூன்று திரைகள் வேண்டியிருந்தது அதற்குத்தான். அவனால் கழுத்தைத் திருப்ப முடியாது. நேரே ஒன்று, இடமும் வலமும் சற்று வளைத்து ஒவ்வொன்று என்று வைத்தால், கண்ணை மட்டும் ஓட்டிக் காரின் பக்கத்துக் கண்ணாடிகளையும் பார்த்துவிடுவான். மூன்று திரைக்கும் படம் தடைபடாமல் ஓட, படத்தை வரைந்து அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று போதவில்லை. அதே ரகத்தில் இன்னொன்று வேண்டும் என்றான்.

அதை வாங்கப் பொத்தேரிக்கு நான்தான் போனேன். படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும் ஒரு மாணவர் தன் கார்டை விற்பதாக இணையத்தில் போட்டிருந்தார். மெத்தை சுருட்டி வைத்த அறையில், கவரில் சுற்றிய கார்டைக் கையில் கொடுத்துவிட்டு, "யாருக்கு மேடம்?" என்று கேட்டார். தம்பிக்கு என்றேன். ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இது இரண்டாவது, மூன்று திரை என்றும் சொன்னேன். "கொடுத்து வெச்சவர் மேடம் உங்க தம்பி" என்றார். நான் தலையாட்டிவிட்டு ரயிலேறினேன்.

கார்டைப் பொருத்தியது தம்பியின் பள்ளித் தோழன். பம்மல்காரன். விமான நிலையச் சரக்குப் பிரிவில் ஷிஃப்ட் வேலை. தம்பிக்கு வேண்டிய கை வேலையெல்லாம் அவன்தான் செய்வான். இவன் சொல்லச் சொல்ல அவன் திருகுவான், கழற்றுவான், ஊதுவான். இரண்டு கார்டும் ஏறிய பிறகு தம்பி அவற்றையும் உள்ளேயிருந்த புராசஸரையும் ஓவர்கிளாக் செய்தான். அதாவது, கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் விரட்டுவது. "நல்லா ஓடறதை எதுக்கு இப்படி விரட்டறான்?" என்று அப்பா என்னிடம் கேட்டார்.

அதன்பிறகுதான் பெட்டி திடீரென அணையத் தொடங்கியது. கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போதோ, பனி இறங்கும்போதோ, உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். எல்லாம் இருண்டுவிடும். தோழன் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தான்.

"இன்னா மச்சான், ஹீட்டா?"

"ஹீட் இல்லடா. பவர் சப்ளை தாங்கல. ரெண்டு கார்டும் ஒரே சமயத்துல இழுக்குது. பயந்துகிட்டு அது தன்னைத்தானே ஆஃப் பண்ணிக்குது."

சுவரிலிருந்து வரும் கரண்ட்டை வாங்கி உள்ளே எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி அது. கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். ஒற்றைக் கார்டு இருந்த காலத்தில் வாங்கியது.

"அப்ப ஸ்பீடைக் கம்மி பண்ணு. இல்லாங்காட்டி ஒரு கார்டைக் கழட்டிரலாம். எதுக்கு பேஜார்?"

"குறைச்சா நிக்காம ஓடும்" என்று தம்பி ஒப்புக்கொண்டான்.

"அப்ப குறைடா."

"மாட்டேன்."

ஏன் என்று தோழன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவனிடம் நாங்கள் ஏற்கெனவே பலவற்றைக் குறைக்கச் சொல்லியிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்து சமைத்துக்கொண்டிருந்தேன். துவைத்து மடித்த துண்டை வைக்க அவன் அறைப் பக்கம் போனேன். திரைகள் அணைந்திருந்தன. அவன் முதுகு எனக்குத் தெரிந்தது. தோள்கள் மேலே ஏறி இறங்கின. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஏதோ செய்ய முயல்கிறான் என்று மட்டும் புரிந்தது. வாசற்படியைத் தாண்டி இரண்டு எட்டு வைத்த பிறகே கேட்டது. "அக்கா... அக்கா..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். தன்னால் முடிந்த முழு பலத்தோடு கத்திக்கொண்டிருந்தான். காதருகில் ரகசியம் பேசுகிற அளவுக்குத்தான் அது வந்தது.

அப்படியென்றால், அன்றைக்கு அப்பாவும் பொய் சொல்லவில்லை, அவனும் பொய் சொல்லவில்லை.

தினமும் எதிரே உட்கார்ந்து பேசுகிற குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. நாங்களும் கொஞ்சம் கொஞ்சமாக அவன் பக்கம் குனியப் பழகியிருந்தோம். பெட்டி அணையாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை மாதம் கழித்துக் கண்டுபிடித்திருப்போமோ.

ஆஸ்பத்திரியில் அவன் வாயில் ஒரு குழாயை வைத்து ஊதச் சொன்னார்கள். "ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க" என்று ஒரு பெண் உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தாள். அவன் கண்ணில் நீர் வரும் வரை ஊதினான். டாக்டர் முடிவைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்கிட்டயே சொல்லுங்க சார்" என்றான் தம்பி.

மூச்சுத் தசைகளும் இளைத்துவிட்டன என்றார் டாக்டர். தூக்கத்தில் முகமூடி போட்டுக் காற்றை உள்ளே தள்ளும் ஒரு இயந்திரம் வேண்டும் என்றார்.

"போட்டுக்கிட்டா எத்தனை வருஷம் சார்?"

டாக்டர் பேனாவை மூடினார். "ரெண்டு, மூணு வருஷம் நல்லா போகலாம். அதுக்கு மேல நான் சொன்னா பொய்யா இருக்கும்."

"தேங்க்ஸ் சார்" என்றான் அவன்.

டாக்ஸியில் திரும்பும்போது ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் வெகுநேரம் நின்றோம். அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பல்லாவரம் தாண்டும்போது தம்பி சொன்னான்:

"அக்கா, முதல்ல பவர் சப்ளை வாங்கணும்."

"இப்ப அதாடா முக்கியம்?"

"மாஸ்க் தூங்கறப்ப. முழிச்சிருக்கறப்ப எனக்கு என்ன இருக்கு? சொல்லு."

அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. வீட்டு வயரிங் பழசு, இருக்கிற கரண்ட்டையெல்லாம் அந்தப் பெட்டியே குடித்துவிட்டால் மூச்சு மெஷினுக்கு என்ன ஆகும் என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து இயந்திரத்துக்குத் தனியாக ஒரு லைன் இழுத்தோம், எர்த் கம்பியைப் புதிதாகப் புதைத்தோம், இன்வெர்ட்டர் வைத்தோம். கம்ப்யூட்டரை இன்வெர்ட்டரில் சேர்க்கவே கூடாது என்று எலக்ட்ரீஷியனிடம் சொன்னது தம்பிதான். அப்பா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து தம்பியின் அறையில் போட்டார். திரைகளுக்கு முதுகைக் காட்டியபடி அங்கேயே பேப்பர் படித்தார்.

பவர் சப்ளை வாங்க என்னைத் தயார்படுத்தப் பல நாள் பாடம் நடந்தது. "மேல எழுதியிருக்கற வாட்டை மட்டும் நம்பாதக்கா. ஆயிரம்னு எழுதிட்டு அரை மணி நேரத்துல புகையற ஐட்டம் எல்லாம் இருக்கு" என்பான். இரண்டு கார்டும் புராசஸரும் முழு வேகத்தில் இழுத்தால் எவ்வளவு, அதற்கு மேல் எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும், நம் பக்கம் சாயங்காலமானால் வோல்டேஜ் எப்படித் தொங்கும், மழைக்கு முன்னால் எப்படி எகிறும், அதையெல்லாம் தாங்குகிற ரகம் எது என்று சொல்லிக்கொண்டே போவான். மூச்சு வாங்கும். நிறுத்துவான். மறுபடி தொடர்வான். பத்தாம் வகுப்போடு நான் விட்டுவிட்ட வாட்டும் ஆம்பியரும் அந்த வாரம் எனக்கு மனப்பாடம் ஆயின. மாணவர்களின் கட்டுரையைத் திருத்தும்போதுகூட அவை ஓடிக்கொண்டிருந்தன.

கடைசியில் இரண்டு மிஞ்சின. இரண்டுமே ஆயிரம் வாட். ஒன்றுக்கு மூன்று வருட வாரண்டி, இன்னொன்றுக்குப் பத்து.

"ரெண்டும் நம்ம லோடைத் தாங்கும். மூணு வருஷமே வாங்கு" என்றான். சந்தையில் எந்த வெங்காயம் என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னான். அப்பா பேப்பரைத் திருப்பினார்.

சனிக்கிழமை மேடவாக்கத்தில் ஒரு கடைக்குப் போனேன். தோழனுக்கு ஷிஃப்ட். அதனால் தனியாகத்தான் போனேன். கடைக்காரர் இரண்டு பெட்டிகளையும் கண்ணாடி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அடக்கமான மனிதர். எதையும் தலையில் கட்டப் பார்க்கவில்லை.

"ரெண்டுமே நல்ல பீஸ் மேடம். எத்தனை வருஷம் யூஸ் பண்ணுவாங்க? மூணு வருஷம்தான்னா இது போதும். வேஸ்ட்டா பெரிசு வேண்டாம்."

எளிய கேள்வி. மூன்று என்று சொல்லிவிட்டு அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வாய் வரவில்லை. பக்கத்தில் ஒருவர் மவுஸ் வாங்கிக்கொண்டிருந்தார், பின்னால் யாரோ பிரிண்டர் மை வாங்க நின்றார்கள். கடைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து" என்றேன்.

ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நல்ல கனம். கனமாக இருந்தால் நல்ல பொருள் என்று அவன் சொல்லியிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, உள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று கத்தியால் சீலை அறுத்துப் பெட்டியைத் திறந்தார். தம்பியின் கண் அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் நின்றது. அங்கேதான் பெரிய எழுத்தில் பத்து என்று போட்டிருந்தது.

"நான் சொன்னது இது இல்லையே."

"அது ஸ்டாக் இல்லடா."

"நீ பஸ் ஏறினப்பவே கடைக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன். இருக்குன்னான்."

நான் துப்பட்டாவின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யாருக்குக்கா வாங்கின?"

"உனக்குத்தான்."

"எனக்கில்ல. உனக்கு வாங்கியிருக்க." மூச்சு வாங்கினான். "அன்னிக்கு டாக்டர் சொன்னதை நான் ஒருத்தன்தான் கேட்டேன். நீ கேக்கல. அப்பா கேக்கல. இப்ப இதை மாட்டிக்கிட்டு..." நிறுத்தினான். அடுத்த வார்த்தைக்குக் காற்று வரும் வரை நாங்கள் இருவரும் காத்திருந்தோம். "நான் பத்து வருஷம் இருக்கற மாதிரி உங்களுக்கு நடிச்சுக் காட்டணுமா?"

அப்பா கத்தியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

"திருப்பிக் குடுத்துட்டு வா" என்றான் தம்பி.

அந்த வாரம் முழுவதும் அவன் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. தூக்கு, திருப்பு, தண்ணி. அவ்வளவுதான். அவன் உடம்பைத் தினமும் குளிப்பாட்டித் துடைக்கும் என்னிடம் அவன் பேசாமல் இருந்தான். அதைத் தாங்க முடியவில்லை. தோழன் வந்தான், பெட்டியைப் பார்த்தான், இருவர் முகத்தையும் பார்த்தான், டீ குடித்துவிட்டுப் போய்விட்டான். பக்கத் தகடு கழன்ற கம்ப்யூட்டர் அப்படியே கிடந்தது. ஆல்பம் வேலைக்கு மட்டும் போடச் சொன்னான். கார் ஓட்டவில்லை.

அடுத்த சனிக்கிழமை பெட்டியை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு மேடவாக்கம் போனேன்.

"சீல் உடைச்சிட்டீங்களே மேடம்" என்றார் கடைக்காரர். "சீல் போனா கம்பெனியில எடுக்க மாட்டாங்க. என்ன கம்ப்ளெயின்ட்?"

"கம்ப்ளெயின்ட் எதுவும் இல்லை."

"பின்ன?"

"வாரண்டி அதிகமா இருக்கு."

கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். கடைக்காரர் சிரித்துவிட்டார். "வாரண்டி அதிகம்னு சொல்லித் திருப்பிக் கொண்டு வந்தது நீங்கதான் மேடம் முதல் ஆள்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, உட்காருங்கள் என்று ஸ்டூலை நகர்த்தினார். நான் உட்காரவில்லை. என் தம்பி அவ்வளவு நாள் இருக்க மாட்டான் என்று அந்த நல்ல மனிதரிடம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

வீட்டில் தம்பி கேட்டான், "என்ன சொல்லித் திருப்பிக் கேட்ட?"

சொன்னேன்.

"வாரண்டி அதிகம்னா சொன்ன?"

"ஆமா."

அவன் உதடு கோணியது. தோள் குலுங்கியது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். சத்தம் வராத சிரிப்பு. அது இருமலாக மாறி முகம் சிவந்து, நான் ஓடிப்போய் மார்பை முன்னால் சாய்த்து முதுகைத் தட்டும்படி ஆயிற்று. இருமல் அடங்கியதும், கண்ணில் நீரோடு, "அந்த ஆள் என்ன பண்ணாரு?" என்று கேட்டான். ஸ்டூல் போட்டதைச் சொன்னேன். மறுபடி சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. அவன் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அவனைக் கூப்பிடு. வந்து மாட்டட்டும்" என்றான்.

தோழன் வந்து பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினான். கடைசித் திருகு ஏறியதும் அப்பா எழுந்துபோய் மெயின் சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். தம்பி மலைப்பாதையை எடுத்தான். மழை, பனி, எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தான். அணைந்துபோகும் அந்த வளைவு வந்தபோது எங்கள் யாருக்கும் மூச்சு வரவில்லை. வண்டி வளைந்தது. பாலத்தைத் தாண்டியது. அடுத்த மேட்டில் ஏறியது.

"மச்சான், நிக்கலடா! ஓடிகினே கீது!" என்று தோழன் நாற்காலியின் பின்பக்கத்தைத் தட்டினான்.

அதன்பிறகு அந்தப் பெட்டி ஒருமுறைகூட அணையவில்லை. அப்பாவின் நாற்காலி மெல்ல மெல்லத் திரும்பி, ஒருநாள் பார்த்தால் திரைகளை நேருக்கு நேராகப் பார்த்தபடி இருந்தது. "அந்தச் சிவப்பு வண்டியை முந்துடா, என்ன பார்த்துக்கிட்டிருக்க?" என்பார். என்னையும் ஒருமுறை ஓட்டச் சொன்னார்கள். முதல் வளைவிலேயே பள்ளத்தில் விட்டேன்.

நோயின் வேகம் அப்படியே இருந்தது. தூக்கத்துக்கு மட்டும் என்று வந்த முகமூடி பிற்பகலுக்கும் வந்தது, பிறகு காலையிலும் இருந்தது. மூக்குப் பாலத்தில் புண் வந்தது. நான் பஞ்சு வைத்து ஒட்டுவேன். நடுவிரல் வேலை செய்வதை நிறுத்தியது. ஸ்டூடியோக்காரர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆள் வைத்துக்கொண்டார். நேரில் வந்து சொன்னார், ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். தம்பி, "பரவாயில்ல சார், சீசன் டைம், வேலை நிக்கக் கூடாது" என்றான். அவர் போனபிறகு அந்தப் பழங்களை யாரும் உரிக்கவில்லை.

கடைசி மாதங்களில் அவனால் ஓட்ட முடியவில்லை. தோழன் ஷிஃப்ட் முடிந்து வந்து ஓட்டுவான், தம்பி பார்ப்பான். எப்போது பிரேக் பிடிக்க வேண்டும் என்று கண்ணை மூடித் திறந்து சொல்வான். தோழன் திரையைப் பார்ப்பதா இவன் கண்ணைப் பார்ப்பதா என்று தெரியாமல் மோதிக்கொண்டே இருப்பான். "நீ எல்லாம் லைசென்ஸ் எப்படி வாங்கின?" என்று தம்பி முகமூடிக்குள்ளிருந்து கேட்பான். அதைப் புரிந்துகொள்ள எங்களுக்குச் சற்று நேரமாகும்.

இரண்டாவது மழைக்காலத்தில் அவனுக்குச் சளி பிடித்தது. மழை விடாமல் பெய்த ஒரு காலையில் எங்கள் பக்கம் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். தெருவில் முழங்காலளவு தண்ணீர். இன்வெர்ட்டர் மூச்சு இயந்திரத்துக்கு மட்டும் ஓடியது. சளியை வெளியே தள்ள அவனிடம் பலமில்லை. உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது. ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்றுவிட்டது, உள்ளே வர முடியாது என்றார்கள். பம்மலிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்த தோழன், மணல் ஏற்றுகிற டிராக்டர் ஒன்றைப் பிடித்து வந்தான். இயந்திரத்தை நான் மார்போடு அணைத்துக்கொண்டேன். அவனை அப்பாவும் தோழனும் தூக்கினார்கள். குடை பிடிக்கக் கையில்லை. டிராக்டரில் நனைந்துகொண்டே போகும்போது அவன் கண்கள் திறந்திருந்தன. என்னைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாய் போட்டார்கள். ஒரு வாரம்கூட இருக்கவில்லை. நான் கேண்டீனில் அப்பாவுக்கு இட்லி வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் போய்விட்டான். பொட்டலத்தோடு மேலே வந்தேன். அப்பா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டார்.

கல்லறைத் தோட்டத்தில் தோண்டிய குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. போதகர் வேத வசனம் வாசிக்கும்போதும் இரண்டு பேர் வாளியில் இறைத்துக்கொண்டிருந்தார்கள். இறைக்க இறைக்க ஊறியது. கடைசியில் அப்படியே இறக்கினார்கள். பெட்டி தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டது. அப்பா என் கையைப் பிடித்திருந்த பிடி மறுநாளும் வலித்தது.

மூச்சு இயந்திரம் வாடகைக்கு எடுத்தது. ஆள் வந்து எடுத்துப் போனார். கம்ப்யூட்டரைத் தோழன் வந்து எடுத்துப் போனான். வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்றுதான் முதலில் சொன்னான். எடுத்துக்கொண்டு போ என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாசலில் ஆட்டோவில் ஏற்றும்போது அவன் என்னைப் பார்க்காமல், "வரேன்க்கா" என்றான். பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை வந்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை, அந்த அறைப் பக்கம் போகவில்லை.

அடுத்த கோடையில் நாங்கள் வீடு மாறினோம். இத்தனை வருடமும் கீழ்வீட்டைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. மழைக்குத் தண்ணீர் வந்தாலும் சக்கர நாற்காலிக்காக அங்கேயே கிடந்தோம். பள்ளிக்கரணையில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு இருப்பதாகச் சக ஆசிரியை சொன்னார். லிஃப்ட் கிடையாது, உங்களுக்குச் சரிப்படுமா என்று வீட்டுக்காரம்மா கேட்டபோது நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"சரிப்படும்" என்றார் அப்பா. "நாங்க ரெண்டு பேர்தான்."

சாமான் ஏற்றிய அன்று அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினார். நான் பின்னால் பால் பாத்திரத்தோடு ஏறினேன். மேலே கதவு திறந்திருந்தது. உள்ளே போய், அடுப்பை எங்கே வைப்பது என்று பார்க்கத் தொடங்கினோம்.